செஸ்ஸும் போக்கரும்: வீட்டு லேப்டாப்பில் இரண்டு புரோகிராம் எழுதிப் பார்த்த அனுபவம்

தீபாவளிக்கு வந்திருந்த சித்தப்பா, தம்பி போனில் செஸ் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எதிர்ல ஆடுறது மனுசனா மெஷினான்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். தம்பி மாவட்ட அளவில் ஆடுகிறவன். "மெஷினா இருந்தா நான் இந்நேரம் தோத்திருப்பேன் சித்தப்பா" என்றான். சித்தப்பா விடவில்லை. "செஸ்ல சரி, எல்லாக் காயும் கண்ணு முன்னால கிடக்கு. சீட்டுல என் கையில என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாதே. அங்க எப்படி ஜெயிக்கும்?"

ஜெயிக்கிறது என்பது எனக்குப் படித்துத் தெரியும். எப்படி ஜெயிக்கிறது என்று அவருக்குச் சொல்ல வாயெடுத்தபோது வார்த்தை வரவில்லை. அதனால் இரண்டையும் நானே எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப், பைத்தான், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் நேரம். ஏழு வாரம் ஆனது.

முதலில் செஸ். காய்கள் எப்படி நகரும் என்பதை எழுதுவது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து இத்தனை நகர்த்தல் ஆழத்துக்கு மொத்தம் எத்தனை வரிசைகள் சாத்தியம் என்று எண்ண வேண்டும். சரியான விடைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு நகர்த்தலுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8,902, நான்குக்கு 1,97,281. என்னுடையதும் நான்கு வரை அச்சு அசலாக வந்தது. ஐந்தாவதில் 48,65,609 வர வேண்டும். எனக்கு வந்தது 48,65,351. கழித்தால் 258.

நாற்பத்தெட்டு லட்சத்தில் 258 குறைகிறது. எங்கே போய்த் தேடுவது? ஒரு ராத்திரி முழுக்க யானை நகர்வையும் குதிரை நகர்வையும் வரிவரியாகப் படித்தேன். காரணம் சிப்பாயில் இருந்தது. எதிரிச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம் மட்டும் நகர்ந்ததுபோல் பாவித்து வெட்டலாம் என்ற விதி, என் பாசான். அதை நான் எழுதவே இல்லை. ஐந்து நகர்த்தலுக்கு முன்னால் அந்த வெட்டு வர வழியே கிடையாது. ஐந்தாவதில் அது வருவது சரியாக 258 முறை. விதியைச் சேர்த்து ஓட்டியதும் 48,65,609 திரையில் வந்தபோது எழுந்து போய்த் தம்பியைத் தட்டி எழுப்பிக் காட்டினேன்.

தொடக்க நிலையில் ஐந்து ஆழம் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று விட்டுவிடக்கூடாது. கோட்டை கட்டும் (கேஸ்லிங்) நகர்த்தலுக்கு அந்த ஆழத்தில் வழியே இல்லை. அதற்கென்றே கிவிபீட் என்று பெயர் வைத்த ஒரு நிலை இருக்கிறது. முதல் ஆழத்தில் 48, இரண்டாவதில் 2,039 வர வேண்டும். எனக்கு அதிகமாக வந்தது. ராஜா தாண்டிப் போகிற கட்டத்தை எதிரி தாக்கிக்கொண்டிருந்தால் கோட்டை கட்டக்கூடாது என்பதை நான் சோதிக்கவில்லை. போய் நிற்கும் கட்டத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

அடுத்தது யோசிக்க வைப்பது. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்க 15,00,625 நிலைகளை எடைபோட வேண்டும். ஆல்ஃபா பீட்டா முறை இதை வெட்டிக் குறைக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு எதிரியிடம் ஒரே ஒரு நல்ல பதில் கிடைத்து, அது ஏற்கெனவே நம் கையில் இருப்பதைவிட மோசமாக்குகிறது என்றால், அந்த நகர்த்தலின் மற்ற பதில்களைப் பார்த்து நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. நகர்த்தல்களை மிகச் சரியான வரிசையில் பார்த்தால் 15 லட்சம் வெறும் 2,449 ஆகிவிடும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. வெட்டுகளை முதலில் பார்க்கச் சொன்னதற்கே, ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம் எடுத்தது சில வினாடிகளில் வந்து நின்றது.

ஆனால் ஆட்டம் சரியில்லை. நான்காவது நகர்த்தலோடு பார்வை முடிந்துவிடுவதால், கடைசி நகர்த்தலில் ராணியைக் கொண்டுபோய் ஒரு சிப்பாயை வெட்டி, "ஒரு சிப்பாய் லாபம்" என்று கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த நகர்த்தலில் ராணி போகப்போவது அதற்குத் தெரியாது. வெட்டு முடிந்து அமைதியாகும் வரை வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்க்கும் பகுதியைச் சேர்த்த பிறகுதான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து ஆடினான். ஏழு ஆட்டத்தில் நான்கு அவன், இரண்டு புரோகிராம், ஒன்று டிரா. பிறகு அதை ஸ்டாக்ஃபிஷ் என்ற பெயர்பெற்ற செஸ் எஞ்சினோடு (செஸ் ஆடும் புரோகிராம்) மோதவிட்டேன். என்னுடையதுக்கு ஒரு நகர்த்தலுக்கு 30 வினாடி, ஸ்டாக்ஃபிஷுக்குப் பத்தில் ஒரு வினாடி. பத்து ஆட்டமும் ஸ்டாக்ஃபிஷுக்கே.

செஸ்ஸில் இந்தக் கேள்வி எப்போதோ முடிந்துபோனது. 1996-ல் பிலடெல்ஃபியாவில் உலக சாம்பியன் காஸ்பரோவ் ஐபிஎம்மின் டீப் புளூ இயந்திரத்தை 4-2 என்று வென்றார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அது 3.5-2.5 என்று அவரை வென்றது. 1997 மே 11 அன்று நடந்த கடைசி ஆட்டம் பத்தொன்பதே நகர்த்தலில் முடிந்தது. அந்த இயந்திரம் வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. இன்று ஸ்டாக்ஃபிஷ் அதைவிட மிகக் குறைவான நிலைகளைப் பார்த்துக்கொண்டு, சாதாரணக் கணினியில் அதைவிட நன்றாக ஆடுகிறது. வேகத்தைவிட எடைபோடுவது முன்னேறியிருக்கிறது. ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய சிறிய நரம்பு வலையை (உதாரணங்களிலிருந்து தானே கற்று நிலையை எடைபோடும் அமைப்பு) 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. இதுவரை மனிதர் எட்டிய மிக உயர்ந்த தரப்புள்ளி கார்ல்சனின் 2882. போனில் இருக்கும் எஞ்சின் அதைத் தாண்டியது. தம்பி அதைப் போட்டியாளனாக நினைப்பதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் எங்கே தவறினோம் என்று கேட்கும் வாத்தியார் அது.

சித்தப்பாவின் கேள்விக்கு இதெல்லாம் பதில் ஆகாது. ஆல்ஃபா பீட்டாவைச் சீட்டில் அப்படியே போட முடியாது. எதிரியின் சீட்டு தெரியாதபோது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. நல்ல சீட்டு வந்தால் மட்டும் பந்தயத்தை ஏற்றுகிறவனை எல்லோரும் இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மோசமான சீட்டோடும் சில நேரம் ஏற்றி உதார் விட வேண்டும்.

போக்கரில் பரவலாக ஆடும் வகையான டெக்சஸ் ஹோல்டமுக்கு நேராகப் போகாமல் கூன் போக்கரை எடுத்தேன். ஹெரால்ட் கூன் 1950-ல் அமைத்த சின்ன ஆட்டம். மூன்றே சீட்டு: ஜாக்கி, ராணி, ராஜா. இரண்டு பேர். ஆளுக்கு ஒரு காசு நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு சீட்டு. முதல் ஆள் சும்மா விடலாம், அல்லது ஒரு காசு ஏற்றலாம். ஏற்றினால் எதிராளி பேக் ஆகலாம் (சீட்டைக் கவிழ்த்து விலகுவது), அல்லது இன்னொரு காசு வைத்து ஷோ கேட்கலாம் (சீட்டைக் காட்டி ஒப்பிடுவது). முதல் ஆள் சும்மா விட்டு இரண்டாம் ஆள் ஏற்றினால், முதல் ஆளுக்கு அதே தேர்வு மறுபடி வரும். மூணு சீட்டு ஆடிய யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். நாங்கள் காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்து ஆடினோம். முடிவெடுக்க வேண்டிய இடங்கள் மொத்தம் பன்னிரண்டுதான். ஆனால் உதார் விடுவதன் முழுச் சாரமும் அதற்குள் இருக்கிறது.

கற்கும் முறைக்கு வருத்தக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2007-ல் வெளியிட்ட முறை அது. புரோகிராம் தனக்கு எதிராகத் தானே ஆடும். ஒவ்வொரு இடத்திலும், "ஏற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும், சும்மா விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்" என்று பார்த்து, தவறவிட்டதை வருத்தமாகக் கூட்டி வைக்கும். அடுத்த முறை அந்த இடம் வந்தால், எந்த வழியில் எவ்வளவு வருத்தம் சேர்ந்திருக்கிறதோ அந்த விகிதத்தில் தேர்ந்தெடுக்கும். உதார் விடு, பயப்படு, நம்பவை என்று எதையும் நான் சொல்லித்தரவில்லை. மொத்தம் எண்பது வரி நிரல்.

முதல் ஓட்டத்தில் வந்தது குப்பை. ஒரு தடவை ஜாக்கியோடு ஏற்றுவது 0 என்று நிற்கும், இன்னும் ஆயிரம் சுற்று கழித்துப் பார்த்தால் 0.9. நிலைகொள்ளவே இல்லை. நிரலைத் திருத்தித் திருத்தி மூன்று ராத்திரி போனது. கூட்டல், கழித்தல், முறை மாறும்போது குறி மாற்றுவது எல்லாம் சரியாகவே இருந்தன. தவறு அச்சிட்ட வரியில். கடைசிச் சுற்றில் என்ன செய்தது என்பதை நான் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறையில் கடைசிச் சுற்று ஆடிக்கொண்டேதான் இருக்கும். எல்லாச் சுற்றுகளின் சராசரிதான் நிலைக்கு வரும். இதை எழுதப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சராசரியை அச்சிட்டேன். ஒரு லட்சம் சுற்றுக்குப் பிறகு முதல் ஆளின் சராசரி வரவு மைனஸ் 0.0556 என்று வந்தது. கூன் போக்கரின் தெரிந்த விடை மைனஸ் பதினெட்டில் ஒன்று. அதேதான்.

இரண்டாம் ஆள் ஜாக்கியை வைத்திருக்கும்போது எதிராளி சும்மா விட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற வரியில் 0.33 இருந்தது. மூன்றில் ஒரு முறை, ஜெயிக்கவே முடியாத சீட்டை வைத்துக்கொண்டு, ஏற்று. உதார்! யாரும் சொல்லாமல் கணக்கே அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

ஏன் சரியாக மூன்றில் ஒன்று என்று தாளில் போட்டுப் பார்த்தேன். என் கையில் ராணி, நான் சும்மா விட்டேன், நீங்கள் ஏற்றுகிறீர்கள். உங்களிடம் ராஜாவா ஜாக்கியா? ராஜா இருந்தால் எப்போதும் ஏற்றுவீர்கள், ஜாக்கி இருந்தால் மூன்றில் ஒரு முறை. ஆக நான்கு ஏற்றலில் மூன்று ராஜா, ஒன்று ஜாக்கி. நான் ஷோ கேட்டால் அந்த மூன்றில் தலா ஒரு கொட்டை கூடுதலாகப் போகும், ஒன்றில் நடுவில் இருக்கும் மூன்று கொட்டை வரும். மூன்று போய் மூன்று வருகிறது. ஷோ கேட்டாலும் பேக் ஆனாலும் எனக்கு ஒன்றே. உதாரைக் கொஞ்சம் கூட்டினால் நான் எப்போதும் ஷோ கேட்டுத் தின்றுவிடுவேன். கொஞ்சம் குறைத்தால் எப்போதும் பேக் ஆகி உங்கள் ராஜாவை வீணாக்குவேன்.

இந்தத் தாளைத்தான் சித்தப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். "அப்ப அது என் மூஞ்சியப் பாத்து ஆடல." இல்லை, பார்க்கவே இல்லை. எதிராளி யார், என்ன நினைக்கிறார் என்று அது யோசிப்பதே இல்லை. தன்னை யாராலும் படிக்க முடியாதபடி வைத்துக்கொள்கிறது. செஸ் புரோகிராம் நம்மைவிடத் தூரம் பார்த்து ஜெயிக்கிறது. போக்கர் புரோகிராம் தன்னிடம் பார்க்க எதையும் விட்டுவைக்காமல் ஜெயிக்கிறது.

சித்தப்பா அதோடு 200 ஆட்டம் ஆடினார், மாறி மாறி முதல் ஆளாக. முடிவில் அவருக்கு 11 கொட்டை லாபம். வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் பதிவை எடுத்துப் பார்த்தபோது வேறு கதை. முதல் ஆளாக இருந்து ராணியை வைத்துக்கொண்டு 18 முறை ஏற்றியிருந்தார். அது தவறு. எதிரில் ஜாக்கி இருந்தால் பேக் ஆகிவிடும், ராஜா இருந்தால் ஷோ கேட்டு இரண்டு கொட்டை வாங்கிவிடும். தோற்கிற சீட்டு ஓடிவிடுகிறது, ஜெயிக்கிற சீட்டு மட்டும் நிற்கிறது. சராசரி நஷ்டம் அரைக் கொட்டை. சும்மா விட்டிருந்தால் மூன்றில் ஒரு கொட்டைதான். வித்தியாசம் ஆறில் ஒன்று. 18 முறைக்கு மூன்று கொட்டை. அதிர்ஷ்டம் அதை மறைத்துவிட்டது. 200 ஆட்டத்தில் இருபது கொட்டை மேலே கீழே போவது சாதாரணம். இவ்வளவு சின்னத் தவறை வெறும் வெற்றி தோல்வியை வைத்துக் கண்டுபிடிக்க முப்பதாயிரம் ஆட்டத்துக்கு மேல் வேண்டும் என்று கணக்கு சொன்னது.

பெரிய பந்தயங்களை ஏன் அவ்வளவு நீளமாக நடத்தினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2015-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் போக்கர் புரோகிராம் கிளாடிகோ, மனிதர்களோடு 80,000 கை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) ஆடி 7,32,713 டாலர் மதிப்புச் சில்லுகள் பின்தங்கியது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கின் ரிவர்ஸ் கேசினோவில் அதே பல்கலைக்கழகத்தின் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் கொண்டுவந்த லிப்ராடஸ், டாங் கிம், ஜேசன் லெஸ், ஜிம்மி சௌ, டேனியல் மெக்காலே நால்வரோடும் ஒருவருக்கு ஒருவராக மொத்தம் 1,20,000 கை ஆடியது. ஒரு ஆட்டக்காரருக்கு வந்த சீட்டு இன்னொரு அறையில் இயந்திரத்துக்கு வரும்படி வைத்து அதிர்ஷ்டத்தைக் கழித்தார்கள். இயந்திரம் 17,66,250 டாலர் சில்லுகள் முன்னிலையில் முடித்தது. ஆட்டக்காரர்கள் பகலில் தன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைக் குடைந்தார்களோ அதை ராத்திரியில் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டு மறுநாள் வந்தது. 2019-ல் புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் ஜெயித்தது. அதைப் பயிற்றுவிக்க ஆனது 64 கோர் கொண்ட ஒரே சர்வரில் எட்டு நாள், வாடகைக் கணக்கில் 150 டாலருக்கும் குறைவு.

என் பன்னிரண்டு இடத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தூரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஆடும், பந்தயத் தொகை கட்டுப்பட்ட ஹோல்டமில் முடிவெடுக்கும் இடங்கள் சுமார் 319 லட்சம் கோடி. 2015-ல் ஆல்பர்ட்டா குழு செஃபியஸ் என்ற புரோகிராமால் அதற்கு ஏறக்குறைய முழு விடையும் கண்டது. 200 கணினிகளை 68 நாள் ஓட்டினார்கள். முறை என் எண்பது வரியில் இருக்கும் அதே வருத்தக் கணக்கின் வேகமான வடிவம். கட்டுப்பாடில்லாத ஹோல்டமில் அந்த எண் 1-க்குப் பின்னால் 161 பூஜ்ஜியம். லிப்ராடஸ் சுருக்கிய ஆட்டத்துக்கு முதலில் விடை கண்டு, ஆடும்போது அந்தந்த இடத்தில் நுணுக்கமாக மறுகணக்குப் போட்டது.

இணையத்தில் எதிரில் இருப்பது யார் என்ற சித்தப்பாவின் முதல் கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது. செஸ் தளங்கள் நகர்த்தல்களை எஞ்சினோடு ஒப்பிட்டு ஓரளவு பிடிக்கின்றன. போக்கரில் நாற்காலியில் இருந்து பார்க்கிறவருக்கு வழியே இல்லை. சித்தப்பாவே 200 ஆட்டம் ஆடி, இயந்திரம் தன்னைவிட மோசம் என்று நம்பித்தான் எழுந்தார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அவருடைய ஆட்டப் பதிவைப் பார்த்த பிறகு என் வீட்டில் யாரையும் நான் அப்படி ஒரு மேசையில் உட்கார விடமாட்டேன்.

கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். சித்தப்பா இரண்டாம் ஆளாக ஜாக்கி வந்தால் ஒருபோதும் ஏற்றுவதில்லை. அது அவர் கொள்கை. ஆனால் புரோகிராம் கற்றுவைத்த அட்டவணை (எந்த இடத்தில் எத்தனை முறை ஏற்றுவது என்பது) அதனால் ஒரு கொட்டைகூடச் சம்பாதிக்கவில்லை, ஏனென்றால் அது அவரைக் கவனிப்பதில்லை. கவனிக்க வைத்தால்? ஷோவில் தெரிந்த சீட்டை மட்டும் எண்ணச் சொன்னேன். கவிழ்த்த சீட்டை எட்டிப் பார்க்கக்கூடாது. 24 முறை ஜாக்கியைச் சும்மா விட்டிருந்தார், ஒரு முறைகூட ஏற்றவில்லை. உடனே புரோகிராம், கையில் ராணி இருந்து அவர் ஏற்றினால் எப்போதும் பேக் ஆகத் தொடங்கியது. அடுத்த 200 ஆட்டத்தில் அதனால் மிச்சம் ஆவது சுமார் 9 கொட்டை, அவருடைய ராணித் தவறைப்போல மூன்று மடங்கு.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "நான் உக்காரட்டுமா சித்தப்பா?" என்று அதே இடத்தில் உட்கார்ந்தான். ஜாக்கி வந்தபோதெல்லாம் ஏற்றினான். புரோகிராம் ஒவ்வொரு ராணியோடும் பேக் ஆனது. பேக் ஆனதால் அவன் சீட்டு அதற்குத் தெரியவே இல்லை. தன் கையில் ராஜா இருந்து சும்மா விட்ட சில ஆட்டங்களில் மட்டும் அவன் ஜாக்கியைப் பார்த்தது, மெதுவாக மனதை மாற்றிக்கொண்டது. அப்படி மாறாமலே இருந்திருந்தால் 200 ஆட்டத்தில் அந்த ஒரு ஓட்டைக்கு மட்டும் 27 கொட்டை விலை. எதிராளியைப் படிக்கத் தொடங்கியதும் அதையும் படிக்க முடிந்துவிட்டது.

எண்ணும் பகுதியை எடுத்துவிட்டு பழைய அட்டவணையையே திரும்பப் போட்டேன். இப்போது ஆறு சீட்டும் நடுவில் ஒரு பொதுச் சீட்டும் உள்ள லெடுக் ஹோல்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தானில் ஒரு சுற்றுக்கே நேரம் பிடிக்கிறது, பாதியை சி மொழியில் மாற்றி எழுத வேண்டியிருக்கும். பொங்கலுக்கு சித்தப்பா வருகிறார். அதற்குள் முடிக்க வேண்டும், இன்னும் ஒரு டப்பா புளியங்கொட்டையும் சேர்க்க வேண்டும்.